நான் வெட்டிய பூட்டுக்கம்பி

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கார்த்திக் கேட்டபோது, முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். கார்த்திக் கோயம்புத்தூர்ப் பிள்ளை. காற்றாலை செய்யும் கம்பனி ஒன்றில் பொறியியலாளர். டென்மார்க்கில் இந்தச் சில்க்போர்க்குக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. அதற்குள் சங்கத்தின் முழு வேலையையும் தலையில் தூக்கிக்கொண்டு ஓடித்திரிகிறார்.

"அங்கிள், நீங்க பழைய ஃபைட்டர் பிளேன் எல்லாம் சரி பண்ணியிருக்கீங்கன்னு சொன்னாங்க. அதை எழுதுங்களேன். ரொம்ப சுவாரசியமா இருக்கும்" என்றார்.

"என்ன சுவாரசியம் தம்பி? இருபத்திரண்டு வருசம் துரு சுரண்டினனான். அதை எழுதினா வாசிக்கிறவைக்கும் துருப்பிடிக்கும்."

அவர் விடவில்லை. நான் வேலை செய்த நூதனசாலைக்கு, அவர் சொல்லும் அருங்காட்சியகத்துக்கு, போன மாதம் பிள்ளைகளோடு போயிருக்கிறார். இப்போது அங்கே எந்தப் பொருள் வந்தாலும் கை வைக்க முதல் ஒரு ஸ்கேனருக்குள் தள்ளுகிறார்களாம். உள்ளே இருக்கும் ஆணி, கம்பி, வெடிப்பு எல்லாம் கணினித் திரையில் தெரிகிறதாம். "இனிமே யாரும் தப்பே பண்ண முடியாது அங்கிள்" என்றார் சிரித்துக்கொண்டு.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. சரி, எழுதித் தாறன் எண்டு சொல்லிவிட்டேன்.

ஸ்கீவ நகரில் இருக்கும் எங்கள் சனம் எனக்கு வைத்த பெயர் 'பிளேன் அண்ணை'. கோல்டிங்கில் ஒரு கலியாண வீட்டில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணை, நீங்கள் உந்தப் பழைய சண்டைப் பிளேனுகளை ஓட்டினனீங்களாமே?" என்று கேட்டார். "ஓடின ஒண்டையும் நான் கண்டதில்லை. விழுந்ததுகளைத்தான் கண்டனான்" என்றேன். பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். பகிடி இல்லை, உண்மை அதுதான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பருத்தித்துறையில் மீன்பிடி வள்ளங்களின் இயந்திரம் திருத்தும் பட்டறை ஒன்றில் ஏழு வருடம் வேலை பழகினேன். அங்கே முதலாளிக்கு ஒரே வேதம்தான். "பழசை நம்பாதை. பூட்டுக்கம்பியைக் கண்டா முதல் வெட்டி எறி. பிறகு மற்றதைப் பார்." கழன்று போகக்கூடிய எதையும் சுற்றிக் கட்டி வைக்கிற மெல்லிய கம்பிதான் பூட்டுக்கம்பி. பழைய கம்பியை மறுபடியும் போட்டால் நடுக்கடலில் அது அறும், வள்ளத்தில் இருக்கிறவன் வீடு வந்து சேரமாட்டான். அதனால் வெட்டு. யோசிக்காதே, வெட்டு. ஏழு வருடத்தில் அது என் கைக்குப் பழகிவிட்டது. கண் பார்க்க முதல் கை வெட்டிவிடும்.

பிறகு நாட்டு நிலைமை. டென்மார்க்குக்கு வந்து அகதி முகாமில் இருந்தபோது ஒரு விசாரணை நடந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். என் அண்ணனை வீட்டிலிருந்து கொண்டுபோனதைச் சொன்னேன். "யார் கண்டது?" என்று அதிகாரி கேட்டார். நான் கண்டேன் என்றேன். "உங்களைத் தவிர?" என்றார். ஒருவரும் இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த மனிதரில் பிழை இல்லை, கேட்பது அவருடைய வேலை. கடைசியில் எனக்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் தொண்டைக்குள் மீன் முள் மாதிரிக் கிடந்தது.

மாட்டுத் தீவன இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் சில வருடம் வேலை. அது மூடப்பட்ட பிறகு, தொழில் அலுவலகம் என்னை நூதனசாலையின் பட்டறைக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. அங்கேதான் போல் என்பவரைச் சந்தித்தேன்.

போல் பட்டறையின் பொறுப்பாளர். ஆறடிக்கு மேல் உயரம், ஒல்லி, கதை குறைவு. ஒன்பதரைக்குத் தெர்மோஸிலிருந்து கோப்பி ஊற்றுவார், அதுவரைக்கும் ஒருவரும் ஊற்றக்கூடாது. முதல் நாள் என் முன்னால் ஒரு துருப்பிடித்த போல்டை வைத்துவிட்டு நின்றார். நான் உடனே கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"நோ" என்றார் போல். டெனிஷ்காரர் சொல்லும் 'நோ' மறுப்பு இல்லை. எங்கள் 'ம்ம்' மாதிரி, அதில் எல்லாமே அடங்கும். அவர்கள் பெரியவர், சின்னவர் என்றில்லாமல் எல்லோரையும் நீ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"அதை வை. ரெண்டு கையையும் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள போடு" என்றார்.

போட்டேன்.

"பத்து நிமிசம் பார். பிறகு அதைக் கடதாசியில வரை. பிறகு படம் எடு. பிறகு எழுது. அதுக்குப் பிறகுதான் தொடலாம்."

விசர் மனுசன் எண்டு நினைத்தேன். ஒரு போல்டைப் பத்து நிமிடம் பார்க்க அதில் என்ன எழுதியிருக்கிறது? எட்டாவது நிமிடத்தில்தான் கண்டேன், அதன் தலையில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. யாரோ ஒருவன் எப்போதும் ஒரே கோணத்தில் நின்று அதைக் கழற்றியிருக்கிறான். போலிடம் சொன்னேன். அவர் எனக்கு ஒரு கோப்பைக் கோப்பி ஊற்றினார். அப்போது மணி ஒன்பது கூட ஆகவில்லை.

பட்டறையில் ஒரு தடித்த பதிவுப் புத்தகம் இருந்தது. பென்சிலால் எழுத வேண்டும், ஈரம் பட்டாலும் பென்சில் கரையாது. ஆனால் பட்டறை முழுக்கத் தேடினாலும் ஒரு அழிறப்பர் கிடையாது. பிழையாக எழுதினால் அதன் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், கீழே இருக்கிறது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சரியானதை அடுத்த வரியில் எழுதிப் பெயர் போட வேண்டும். "பிழையும் ஒரு தகவல்தான்" என்பார் போல்.

அந்த நாட்களில் எங்கள் பட்டறையில் இருந்த பெரிய வேலை, கடற்படையின் பழைய இரட்டை இறக்கைப் போர் விமானம் ஒன்றின் எலும்புக்கூடு. இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் செய்தது. ஆங்கிலேயரிடம் வரைபடம் வாங்கி, இங்கேயே கடற்படைத் தளத்தில் கட்டியிருக்கிறார்கள். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, நடுவில் தூண்களும் கம்பிகளும். முதலில் வந்தவற்றில் மரம் கூடுதல், பிறகு வந்தவற்றில் உருக்குக் குழாய். இரண்டுக்கும் மேலே துணி. அந்தத் துணி மேல் பூச்சு அடித்து மேளத்தோல் மாதிரி இறுக வைப்பார்கள். ஒரே ஒரு ஆள், திறந்த இருக்கை, கண்ணில் காற்று.

பார்க்க வருகிறவர்கள் எத்தனை குதிரைவலு, எவ்வளவு வேகம் என்றுதான் கேட்பார்கள். அந்த விமானங்களின் வளர்ச்சியை அப்படித்தான் புத்தகங்களும் சொல்கின்றன. சில வருடத்துக்குள் வேகம் ஏறியது, இன்னும் சில வருடத்தில் ஒற்றை இறக்கை விமானம் வந்து இவற்றைப் பழசாக்கியது. போலுக்கு அந்தக் கதையில் அக்கறை இல்லை. "கடற்படை விமானத்துக்கு முதல் எதிரி எதிரி நாடு இல்லை, உப்பு" என்பார். கடல் ஓரத்தில் நிறுத்துகிற விமானம் ஒவ்வொரு நாளும் உப்புக் காற்றைக் குடிக்கும். உருக்குக் கம்பி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து இற்றுப்போகும், வெளியே கிறீஸ் பூசி மினுமினுவென்று இருக்கும். துருப்பிடிக்காத உருக்கு கைக்கு வரும்வரை எத்தனையோ பேர் அந்தக் கம்பிகளை நம்பித்தான் மேலே போனார்கள்.

நான் பட்டறையில் சேர்ந்து ஆறாவது வருடம். பயிற்சிக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. என் மனைவி வதனி அப்போது முதியோர் இல்லத்தில் வேலை, மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளில். முகாமில் தொடங்கி அதுவரை எங்கள் வாழ்க்கையில் நிரந்தரம் என்று ஒரு கடதாசியும் வந்ததில்லை. வதனி அந்தக் கடிதத்துக்காகக் கந்தசட்டி முழுக்க விரதம் பிடித்தாள்.

அந்த நேரத்தில்தான் ஸ்கீவப் பக்கம் லிம்ஃபியோர்ட் என்ற கடல் நீரேரியில் ஆழப்படுத்தும் வேலை செய்தவர்களின் இயந்திரத்தில் ஒரு விமான வால் அகப்பட்டது. கறுத்த சேற்றுக்குள் அறுபது எழுபது வருடமாகக் கிடந்திருக்கிறது. நாங்கள் திருத்திக்கொண்டிருந்த அதே வகை விமானம். ஈரச் சாக்குச் சுற்றி லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

போல் அன்று கொப்பன்ஹேகனில் ஒரு கூட்டத்தில். பட்டறையில் நான் தனி. சேற்றைக் கழுவிக்கொண்டு போக, ஒரு வெண்கல உருளை தெரிந்தது. பெருவிரல் பருமன், விரல் நீளம். இறுக்கி என்று சொல்வோம். வாலில் இருக்கும் தட்டுத்தான் விமானத்தின் மூக்கை மேலே கீழே ஆக்குவது. விமானியின் கைப்பிடியிலிருந்து அந்தத் தட்டுக்குப் போகும் உருக்குக் கம்பிவடத்தின் இரண்டு துண்டுகளை நடுவில் இணைப்பது இந்த உருளை. இரண்டு பக்கமும் திருகு மரை, உருளையைத் திருப்பினால் வடம் இறுகும். இயந்திரத்தின் அதிர்வில் அது தானாகத் திரும்பிக் கழன்றுவிடாமல் இருக்க, செப்புப் பூட்டுக்கம்பி ஒன்றை அதன் நடு ஓட்டைக்குள்ளால் விட்டு இரண்டு முனைகளிலும் சுற்றிக் கட்டுவார்கள்.

இந்த உருளையிலும் செப்புக்கம்பி இருந்தது. பச்சை பிடித்து, ஆனால் முழுசாக.

என் கையில் வெட்டுக்குறடு இருந்தது. வெட்டினேன்.

அவ்வளவுதான். பொக்கற்றுமில்லை, பத்து நிமிடமுமில்லை. பருத்தித்துறைப் பட்டறையின் கை அது. ஒன்று மட்டும் கவனித்தேன். பழைய பூட்டுக்கம்பி வெட்டினால் எப்போதும் நுனி விரலைக் கிழிக்கும், அது அந்தத் தொழிலின் வரி மாதிரி. அன்று கிழிக்கவில்லை. பார்த்தால், கட்டினவன் கம்பியின் நுனியை மடித்து, கடைசிச் சுற்றுக்குக் கீழே உள்ளே சொருகியிருந்தான். சுற்றும் இடப்பக்கமாக ஓடியது, நாங்கள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம். ஆரோ நல்ல கவனக்காரன் எண்டு நினைத்துக்கொண்டு, உருளையை உப்பு எடுக்கும் கரைசலுக்குள் போட்டேன்.

அடுத்த நாள் காலை பார்த்தேன். உருளைக்குள் திருகியிருந்த வடத்தின் உருக்கு முனைகள் துருவாகக் கரைந்து, அடியில் மண்ணிறச் சேறாகக் கிடந்தன. கையில் வந்தது வெறும் வெண்கலக் குழாய். சேற்றையும் கம்பித் துண்டுகளையும் சேர்த்துக் கழிவுத் தொட்டியில் கொட்டினேன், அன்றைக்கே குப்பை லொறி வந்து கொண்டுபோனது. பிறகுதான் புத்தி வந்தது. படம் இல்லை, வரையவில்லை, எழுதவில்லை.

பதிவுப் புத்தகத்தைத் திறந்து எழுதினேன்: 'இறுக்கி, வெண்கலம். சுத்தம் செய்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.'

ஒவ்வொரு சொல்லும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் பொய்.

போல் திரும்பி வந்து அதை வாசித்தார். "நோ" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. தப்பினேன் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து, நூதனசாலையின் வரலாற்றுப் பகுதியைப் பார்க்கும் கிர்ஸ்டன் என்ற பெண் ஒரு பழைய கோப்போடு வந்தார். அந்த வால் எந்த விமானத்தினுடையது என்று கண்டுபிடித்துவிட்டார். பயிற்சியின்போது திடீரென மூக்குக் குப்புற விழுந்த விமானம். இளம் விமானி அந்த இடத்திலேயே இறந்துபோனார். வால் தண்ணீருக்குள் போய்விட்டதால் அன்றைய விசாரணைக் குழுவுக்கு ஆதாரம் குறைவு. இறுக்கியைப் பூட்டாமல் விட்டிருப்பார்கள், அது கழன்றிருக்கும் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்த பொருத்துநரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

"இப்ப வெறும் உருளை கிடைச்சிருக்கு. ரெண்டு முனையும் இல்லை, பூட்டுக்கம்பியும் இல்லை. அப்ப விசாரணைக் குழு சொன்னது சரிதான்" என்றார் கிர்ஸ்டன். கண்காட்சியில் வைக்கும் பலகைக்கான வசனத்தை எழுதிக்கொண்டே வந்திருந்தார். கோப்பி மேசையில் வாசித்துக் காட்டினார்: 'பூட்டாமல் விடப்பட்ட இறுக்கி. ஒரு கவனக்குறைவு ஓர் உயிரை எடுத்தது.'

கடித்த பாண் துண்டைத் தட்டில் வைத்தேன். நான் வெட்டிய கம்பி, நான் கரைத்த முனைகள், நான் எழுதிய 'ஒன்றும் இல்லை'. இந்த மூன்றையும் வைத்து ஒரு செத்த மனிதனை இன்னொரு தடவை குற்றவாளியாக்குகிறார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. செத்தவனுக்கு இனி என்ன, இருக்கிறவர்களுக்கு நிரந்தர வேலை வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கக்கேடு, ஆனால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அடுத்த கிழமை இங்கர் வந்தார்.

எழுபது கடந்த பெண். ஸ்கீவவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வால் கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்தாராம். அந்தப் பொருத்துநரின் மகள். விமானம் விழுந்தபோது அவருக்கு ஐந்து வயது. போல் அவருக்குக் கோப்பி ஊற்றினார். நான் அடுத்த மேசையில் துருவைச் சுரண்டிக்கொண்டு, காதை அவர்களிடம் வைத்திருந்தேன்.

"அப்பா பிறகு சைக்கிள் திருத்தினவர்" என்றார் இங்கர். "முதல் ரெண்டு வருசம் ஆரும் பிறேக் திருத்த அவரிட்டைக் கொண்டுவாறேல்லை. ரியூப்புக்குக் காத்தடிக்க மட்டும் வருவினம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் கேற்றைப் பூட்டிப்போட்டு மூண்டு தரம் திரும்பிப் போய்ப் பார்ப்பார். சாகும்வரைக்கும் ஒண்டுதான் சொன்னவர். நான் பூட்டினனான் எண்டு."

இங்கர் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"எனக்கு விமானத்தைப் பற்றித் தெரியாது. அந்த வாலில ஏதாவது தெரியுதோ எண்டு மட்டும் கேக்க வந்தனான்."

"வெறும் உருளைதான் கிடைச்சுது" என்றார் போல் மெதுவாக. "வருத்தமாயிருக்கு."

இங்கர் தலையை ஆட்டினார். கோப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவிவைத்துவிட்டுப் போனார். என்னைத் தாண்டிப் போகும்போது தலையசைத்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து வதனியிடம் எல்லாம் சொன்னேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தியை வைத்துவிட்டாள்.

"உங்களுக்கென்ன விசரே? செத்துப்போன மனுசனுக்காக இருக்கிற சோத்தில மண் அள்ளிப் போடப் போறியளே? ஆருக்கும் தெரியாதெல்லே?"

"எனக்குத் தெரியும்."

"கொஞ்ச நாள் பொறுங்கோ. கடிதம் கையில வரட்டும். பிறகு சொல்லுங்கோ."

"கடிதத்தை வாங்கிப்போட்டுச் சொன்னா ஆர் நம்புவினம்? கள்ளன் எண்டெல்லே நினைப்பினம்."

மூன்று நாள் வீட்டில் கதை இல்லை. மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, எங்கள் இரண்டு பேரையும் டெனிஷில் மாறி மாறிக் கேட்டுப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான்காம் நாள் காலை வதனி என் சாப்பாட்டுப் பெட்டியைத் தந்துவிட்டு வாசலில் நின்றாள்.

"அந்த மனுசி கோப்பையைக் கழுவி வச்சிட்டுப் போச்சுது எண்டு சொன்னியள். அது எனக்கு மனசுக்குள்ள கிடக்கு" என்றாள். "போய்ச் சொல்லுங்கோ. வாறது வரட்டும். நான் ரெண்டு வேலை செய்வன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஓடினேன்.

போலிடம் நின்றபடியே சொன்னேன். வெட்டியது, கரைத்தது, எழுதியது. இரண்டு கையும் பொக்கற்றுக்குள் இருந்தது. அவர் எழும்பிப் போய் அந்த வெண்கல உருளையை எடுத்துவந்து மேசையில் வைத்தார். திட்டியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

"கம்பி இருந்தது எண்டு உனக்கு நிச்சயமோ?"

"ஓம். ரெண்டு முனையிலும்."

"எப்பிடிக் கட்டியிருந்தது?"

நான் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அலமாரியிலிருந்து இன்னொரு இறுக்கியையும் புதுச் செப்புக்கம்பியையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"சொல்லாதை. கட்டு."

கட்டினேன். இடப்பக்கமாகச் சுற்றி, ஒவ்வொரு முனையிலும் நாலு சுற்று, நுனியை மடித்துக் கடைசிச் சுற்றுக்குக் கீழே சொருகி. போல் அதைத் தொடாமல் பார்த்தார். பத்து நிமிடம் இருக்கும். பிறகு கிர்ஸ்டனை வரச்சொல்லி, அவர் முன்னால் அதை ஒரு பெட்டிக்குள் வைத்து ஒட்டி, மூன்று பேரையும் கையெழுத்துப் போட வைத்தார். நானோ, கிர்ஸ்டனோ இங்கரோடு கதைக்கக்கூடாது என்றார். தொலைபேசியை எடுத்து அவரே இங்கரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அப்பா கையால் கம்பி சுற்றிக் கட்டிய சாமான் ஏதாவது வீட்டில் மிஞ்சிக் கிடக்கிறதா?

பிறகு பதிவுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். என் பழைய வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். கீழே என் நொண்டி டெனிஷில் நடந்ததை எழுதிப் பெயர் போட்டேன். 'ஒன்றும் இல்லை' என்பது கோட்டுக்குக் கீழே இன்னும் வடிவாகத் தெரிந்தது.

ஐந்து நாள் கழித்து இங்கர் மறுபடியும் இரண்டு பஸ் மாறி வந்தார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதற்குள் ஒரு துத்தநாகத் தகட்டு வாளி. "கோழிக்குத் தீன் போடுற வாளி" என்றார். "பிடி கழண்டு விழுந்திட்டுது எண்டு அப்பா செப்புக்கம்பியால கட்டித் தந்தவர். அப்ப நான் சின்னப் பிள்ளை. இப்பவும் தோட்டத்தில பாவிக்கிறன்."

போல் பெட்டியைத் திறந்து, நான் கட்டியதை வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். வாளியின் பிடியிலும் சுற்று இடப்பக்கமாக ஓடியது. நாலு சுற்று. நுனி மடித்து, கடைசிச் சுற்றுக்குக் கீழே உள்ளே.

இங்கர் இரண்டையும் மாறி மாறித் தடவினார். "என்ர கையில கீறக்கூடாது எண்டுதான் நுனியை உள்ளுக்கை விடுறவர்" என்றார். "இதை ஆர் கட்டினது?"

"நான்தான் அம்மா" என்றேன். அம்மா என்பது தமிழில் வந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய தகப்பனின் கம்பியை நான்தான் வெட்டினேன் என்பதையும், ஒரு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கதிரையில் உட்கார்ந்து, வாளியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். கிர்ஸ்டனும் அழுதார். போல் கோப்பி ஊற்றப் போனார்.

எனக்கு நிரந்தர வேலைக் கடிதம் வரவில்லை. எச்சரிக்கைக் கடிதம்தான் வந்தது, போலின் கையெழுத்தோடு. "ஒழுங்கு ஒழுங்குதான்" என்றார், கண்ணைப் பார்த்து. இன்னும் ஒரு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தேன். வதனி பின்னேரங்களில் இன்னொரு இடத்தில் துப்புரவு வேலைக்குப் போனாள். ஒரு நாளாவது சொல்லிக் காட்டியதில்லை. சண்டை வந்தால் மட்டும், "உங்கட ஒரு குறடு என்ர ஒரு வருசம்" என்பாள். அடுத்த வருடம் நிரந்தரம் வந்தது, பிறகு ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

விமானம் ஏன் விழுந்தது என்று எங்களால் நிரூபிக்க முடியவில்லை. உப்பில் இற்ற வடம், கப்பியில் உரசுகிற இடத்தில் அறுந்திருக்கும் என்பது போலின் எண்ணம். வடம் எப்போதோ கரைந்துவிட்டது. கார்த்திக் சொன்ன ஸ்கேனர் அன்று இருந்திருந்தால், என் கை போக முதல் அது கம்பியைக் கண்டிருக்கும். நல்ல சாமான், இருக்கட்டும். அந்தக் காலம்தான் நல்லது என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

கண்காட்சி திறந்த அன்று இங்கரும் வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வெற்று உருளை, நான் கட்டிக்காட்டிய இறுக்கி, கோழி வாளி, பதிவுப் புத்தகத்தின் அந்தப் பக்கம். பலகையில் கிர்ஸ்டன் புதிதாக எழுதியிருந்தார்: 'இறுக்கி பூட்டப்படவில்லை என்று விசாரணைக் குழு கருதியது. சேற்றிலிருந்து எடுத்தபோது அது பூட்டப்பட்டிருந்தது. பூட்டுக்கம்பி எங்கள் பட்டறையில் தவறுதலாக வெட்டப்பட்டது.' கடைசி வசனத்தை எடுத்துவிடட்டுமா என்று என்னிடம் முதலே கேட்டார். வேண்டாம் என்றேன். அது இல்லாவிட்டால் அதற்கு முந்திய வசனத்தை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இங்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"விசாரணையில அப்பாட்டை அவை ஒரு கேள்விதான் கேட்டவை" என்றார். "நீ பூட்டினதை ஆர் கண்டது எண்டு. ஒருத்தரும் இல்லை எண்டு அப்பா சொன்னவர். அதோட விசாரணை முடிஞ்சுது."

அந்தக் கேள்வியை எனக்குத் தெரியும். முகாமில், மேசைக்கு மறுபக்கத்திலிருந்து அதிகாரி என்னிடம் கேட்ட அதே கேள்வி. 

இங்கர் என் கையைப் பிடித்தார். "நீ கண்டனி" என்றார்.

"ஓம்" என்றேன். "நான் கண்டனான்."

தமிழில் சொல்லிவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்கு விளங்கியிருந்தது.